புகையின் விலை

ஒருவர் செயலால் எழும் கேடு, அதில் பங்கே இல்லாத இன்னொருவரின் செலவாக வந்து இறங்குவதைப் பொருளியலார் 'புறச்செலவு' என்பர். சென்னையின் தென்புறநகரில் அச்செலவு வெளிப்படையாகத் தெரிந்த நாள் 2018 ஜனவரி 13, போகி. டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்து எழுந்த நுண்துகள்கள், அதாவது தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கேயான துகள்கள், விடியற்பனியின் ஈரத்தைத் தம்மேல் ஏற்று மூட்டத்தை அடர்த்தியாக்கியதால், மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன; புறப்பாடுகளும் தாமதமாயின.

வீணான எரிபொருளையும் விமானிகளின் கூடுதல் பணிநேரத்தையும் விமான நிறுவனங்கள் தம் கணக்கேட்டில் எழுதிக்கொள்ள முடியும். பயணிகளை நம்பிக் காத்திருந்த டாக்சி ஓட்டுநரின் அன்றைய வரும்படிக்கோ ஏடு கிடையாது.

போகிப் புகை ஒரு காலைப்பொழுதில் கலைந்துவிடுவது. ஆனால் திரிசூலம், பல்லாவரம், பம்மல் பகுதிகளில் பல்லாண்டுகள் இயங்கிய கல்குவாரிகளும் கிரஷர்களும் கிளப்பிய தூசி அவ்வாறு கலையவில்லை. அங்குள்ள சார்னோகைட் பாறையில் குவார்ட்ஸ் கலந்திருப்பதால், அதனை உடைத்து ஜல்லியாக்கும்போது பறக்கும் சிலிக்கா துகள் நுரையீரலில் தங்கித் தழும்பேற்படுத்துகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் முற்றியபின் மூச்சிரைப்பு மிகுந்து, பாரம் தூக்கிப் பிழைத்தவர் படியேறவும் இயலாதவராகிறார். உடைக்குமிடத்தில் நீர் தெளித்தாலே தூசி பெருமளவு அடங்கும் என்பதை எண்ணும்போது இவ்விழப்பு மேலும் வேதனை தருகிறது.

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் சிலிக்கோசிஸைத் தொழில்சார் நோயாக ஏற்றிருந்தது; ஈ.எஸ்.ஐ. திட்டமோ நோய்விடுப்பில் உள்ளவருக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு வழங்குகிறது. எனினும், மேஸ்திரி அழைத்த இடமெல்லாம் சென்று உடைத்தவரிடம் வருகைப்பதிவேடோ ஊதியச்சீட்டோ இராது. நோய் தெரியவரும் வேளையில் குவாரியும் மூடப்பட்டு, நீர் தேங்கிய பள்ளமாகியிருக்கும்.

2019இல் காற்று மாசால் இந்தியா இழந்தது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.36 விழுக்காடு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பங்கேற்ற ஆய்வு மதிப்பிட்டது. விமானத் தாமதம் இதில் சேரவில்லை. அகால மரணத்தாலும் நோயாலும் நின்றுபோன உழைப்பின் மதிப்பே இது. அதாவது, நாட்டின் கணக்கில் இழப்பாகப் பதிவாகும் தொழிலாளி, தம் சொந்த இழப்பீட்டைக் கேட்கும்போது மட்டும் சான்றில்லாதவராக நிற்கிறார்.