உடைந்த மதகும் உடைந்த நம்பிக்கையும்



போரால் அழிந்த ஊரை மீட்பது கட்டுமானமா, நம்பிக்கையா? "பாலத்தைக் கட்டு, மதகைக் கட்டு, ஊர் தானா எழுந்துக்கும்" என்றார் எதிரணித் தலைவர். ஐயா, வீட்டுல சண்டை. பானை உடைஞ்சா சந்தையில வேற வாங்கிக்கலாம். பேச்சு உடைஞ்சா? மூணு நாளைக்குச் சாம்பார்ல உப்பு இருக்காது! (சிரிப்பு)

நம்ம தஞ்சாவூர்க் கதையையே சொல்றேன். 1781-ஆம் ஆண்டு. ஐதர் அலியின் படை இந்த மண்ணிலே புகுந்தது. கோட்டை மட்டும்தான் மிஞ்சியது. பயிர் போச்சு, ஆடு மாடு போச்சு. கோட்டைக்குள்ளே பசி. வெளியே கிராமங்களில் நெல் இருக்கிறது. ஏற்றி வர மாடு இல்லை. அன்றைக்கு மாடுதானே லாரி! மாடு வைத்திருந்தவர்களோ தர மறுத்துவிட்டார்கள். ஏன்? முன்பு உழைத்ததற்கே கூலி ஒழுங்காக வந்து சேரவில்லை! ராஜா துளஜாவையும் நம்பவில்லை, கும்பெனியாரையும் நம்பவில்லை.

கடைசியில் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரைக் கேட்டார்கள். கூலிக்குத் தானே பொறுப்பு என்று அவர் எழுதி அனுப்பினார். மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்கு வந்தது. சொன்னபடி கூலியும் கொடுத்தார். நடுவர் அவர்களே, பாதை அதே பாதை, மாடு அதே மாடு. மாறியது ஒன்றே ஒன்று: சொன்னவரின் நாணயம்! (கைதட்டல்)

இன்னும் கேளுங்கள். போருக்குப் பிறகு கெடுபிடி தாங்காமல் குடியானவர்கள் ஊரை விட்டே ஓடினார்கள். ஆத்துல தண்ணி ஓடுது, நிலம் கிடக்குது, ஏர் பிடிக்க ஆள் இல்லை. ராஜா சார்பில் அதே பாதிரியார் உறுதி கொடுத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள்!

மதகு உடைந்தால் கொத்தனார் போதும். வாய்க்காலைத் தூர்வார ஊரே கூட வேண்டும். அதுக்குப் பேர்தானே குடிமராமத்து? குடி இல்லாமல் மராமத்து ஏது? தலைமடைக்காரன் தண்ணி விடுவான்னு நம்பினாத்தான் கடைமடைக்காரன் நாத்து விடுவான்!

கடல் தாண்டி இலங்கையைப் பாருங்கள். போரால் 1990-இல் நின்ற யாழ்தேவி ரயில் 2014-இல்தான் மீண்டும் யாழ்ப்பாணம் போனது. நடுவிலே தண்டவாளக் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. புதுத் தண்டவாளம் போட்டாச்சு. ஆனால் ராணுவம் எடுத்த காணிகளைக் கேட்டு அதற்குப் பிறகும் சனங்கள் போராடினார்களே! ரயில் ஊருக்கு வந்தது. சொந்தக்காரன் வீட்டுக்குப் போக முடியவில்லையே!

ஆஸ்பத்திரியும் குடிநீரும் முதல் நாளே வேண்டும். நான் மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக ஊரிலே ஆள் இருக்கணுமே! கல்லும் சுண்ணாம்பும் கரையைக் கட்டும். ஊரைக் கட்டுவது கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் மனிதர்களே! நம்பிக்கையே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)