செத்த சட்டமும் செலவின் அறமும்



அரசின் கருவூலத்திலுள்ள ஒவ்வொரு காசும் மக்களின் வியர்வை. மக்கள் மன்றத்தின் ஒப்புதலின்றி அதைத் தொடலாகாது என்பதே மக்களாட்சியின் முதல் வேலி. ஆத்திரேலிய அரசமைப்புச் சட்டத்தின் 83ஆம் பிரிவு இவ்வேலியைக் கட்டியுள்ளது. சட்டத்தால் ஒதுக்கப்பட்டாலன்றி அங்கே கருவூலத்தினின்று பணம் எடுத்தல் ஆகாது. ஆகவே, ஆண்டுதோறும் செலவுச் சட்டங்கள் பிறக்கின்றன.

பிறந்தவை எல்லாம் வேலை முடிந்ததும் மறைந்தனவா? இல்லை. ஆண்டுகள் பல கடந்தும், செலவாகாத மீதிக்குரிய ஒப்புதல் ஏட்டில் கிடந்தது. மறந்துபோன ஒப்புதல், பூட்டாத கதவன்றோ? அதனாலேயே 2013இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பழைய செலவுச் சட்டங்கள் பலவற்றை ஒருசேர நீக்கியது. இது நற்செயலே.

அந் நாட்டில் மற்றொரு முறையும் உண்டு. 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாடாளுமன்றத்துக்கு வரும் ஒவ்வொரு சட்ட முன்வரைவோடும் மாந்தவுரிமை இணக்க அறிக்கை ஒன்று வரவேண்டும். ஏழு உலக உடன்படிக்கைகளே அதற்கு உரைகல். இரு அவையினரும் அடங்கிய கூட்டுக்குழு ஒன்று அதனை ஆய்கின்றது. பழைய சட்டத்தை நீக்கும் முன்வரைவுக்கும் இக் கடமை உண்டு.

செத்த சட்டத்தைப் புதைக்குங்கால், 'எவருரிமைக்கும் ஊறில்லை' என்று எழுதுதல் எளிது, பெரும்பாலும் உண்மையுங்கூட. ஆனால், உயிருள்ள ஆண்டுச் செலவுச் சட்டங்களுக்கும் அதே போன்ற சுருங்கிய விடையே எழுதப்பட்டது! பணம் ஒதுக்குவது உரிமையைத் தொடாதாம். கூட்டுக்குழு இதனை ஏற்கவில்லை. அரசின் செலவு உரிமைகளை வளர்க்கவும் குறைக்கவும் கூடும் என்று பலமுறை சுட்டியது.

குழு சொன்னதே முறை. 1966ஆம் ஆண்டின் பொருளியல், குமுகாய, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கை, கைவசமுள்ள வளங்களை இயன்ற அளவு முழுவதும் பயன்படுத்தி அவ்வுரிமைகளைப் படிப்படியாக நிறைவேற்றுமாறு அரசுகளைப் பணிக்கின்றது. கல்வியும் மருத்துவமும் உறையுளும் வெறுஞ்சொல்லால் கிடைப்பனவா? ஏழைக்கு வழக்குரைக்கும் உதவியைக் குறைத்தால், சட்டத்தின்முன் சமன்மை என்பது ஏட்டுச் சுரைக்காயே. உரிமை பேசுவது சட்டத்தின் நாவாயின், அதனை வழங்குவது கருவூலத்தின் கை.

அவ்விணக்க அறிக்கை எந்த முறைமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. ஆதலின், அதற்கு உயிரூட்ட வல்லது மக்களின் விழிப்பொன்றே. பழங்குப்பையை அகற்றுதல் வீட்டைப் பெருக்குதல் போன்றது, வேண்டியதுதான். ஆனால், பெருக்கிய வீட்டில் அடுப்பெரிகின்றதா, எவர் வயிறு காய்கின்றது என்று கேட்பதே அறம். எந்த நாட்டு வரவு செலவுத் திட்டமாயினும், தொகை எவ்வளவு என்பதோடு நில்லாமல், எவருரிமை வளர்கின்றது, எவருரிமை தேய்கின்றது என்றும் கேளுங்கள்!