கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு கைத்துப்பாக்கி



ஹைதராபாத்தை அடுத்த சில்கூர் பாலாஜி கோயிலுக்கு ஊர்மக்கள் வைத்த பெயர் விசா பாலாஜி. அமெரிக்காவுக்குப் படிக்கப் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் பிள்ளைகள் அங்கே பதினோரு சுற்று சுற்றுகிறார்கள். விசா கையில் கிடைத்ததும் திரும்பி வந்து 108 சுற்று. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்கக் கல்லூரிகளில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அந்த ஆண்டு வேறு எந்த நாட்டிலிருந்தும் இத்தனை பேர் அங்கே படிக்கவில்லை. அதனால்தான், கடல் கடந்த ஏதோ ஒரு வளாகத்தில் துப்பாக்கிச் சூடு என்று தொலைக்காட்சியில் எழுத்து ஓடினால், அமீர்பேட்டையிலும் செகந்திராபாத்திலும் நள்ளிரவில் விளக்குகள் எரிகின்றன. "நல்லா இருக்கியா?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் வரும்வரை அந்த வீடுகளில் யாரும் தூங்குவதில்லை.

ஒவ்வொரு முறையும் அமெரிக்காவில் ஒரு யோசனை எழும்: ஆசிரியரிடம் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்?

அந்தக் கேள்விக்குள் ஒரு தமிழாசிரியரின் வகுப்பறையும் இருக்கிறது. தமிழ் கற்பித்தவர் அல்ல. தமிழ்நாட்டில் பிறந்து, நீரியல் கற்பித்தவர். கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய கரட்டடிபாளையத்துக்காரர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். கோவையில் பொறியியல், கான்பூர் ஐஐடியில் மேற்படிப்பு, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பிறகு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் கால் நூற்றாண்டு ஆசிரியப் பணி. 2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை காலை, நாரிஸ் ஹால் கட்டடத்தின் 206ஆம் அறையில் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. முதல் குண்டு அவர்மீதுதான் பாய்ந்தது. அறையில் இருந்த 13 மாணவர்களில் 9 பேர் இறந்தார்கள். 

சுட்டவன் அதே பல்கலைக்கழகத்தின் மாணவன். அந்தக் கட்டடத்தில் மட்டும் 174 தோட்டாக்கள் வெடித்தன. அன்று வளாகத்தில் உயிரிழந்தவர்கள் மொத்தம் 32 பேர். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆயுதம் கொண்டுவரத் தடை இருந்தது. அந்தத் தடைதான் கொன்றது என்று வாதிட்டவர்கள் உண்டு. ஆனால் 206ஆம் அறையை நினைத்துப் பாருங்கள். கரும்பலகைப் பக்கம் நின்று நீரோட்டக் கணக்கை விளக்கும் ஒருவர், கதவு திறந்த கணத்தில், வந்தவன் யார் என்று புரிந்துகொள்வதற்குள், இடுப்பிலிருந்து ஆயுதத்தை எடுத்திருக்க வேண்டும்.

அதே மாடியில் நடந்த வேறு இரண்டு காரியங்களும் சொல்லப்பட வேண்டியவை. 204ஆம் அறையில் லிவியு லிப்ரெஸ்கு என்ற 76 வயதுப் பேராசிரியர் இருந்தார். ருமேனியாவில் நாஜிக் கொடுமைக்குத் தப்பிப் பிழைத்த யூதர். கதவைத் தன் உடம்பால் அடைத்து நின்றார். மாணவர்கள் பலர் ஜன்னல் வழியே குதித்துத் தப்பினார்கள். அவரும், மும்பையிலிருந்து படிக்கப் போன ஒரு மாணவியும் இறந்தார்கள். 205ஆம் அறையில் மாணவர்கள் ஒரு பெரிய மேசையைக் கதவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்தார்கள். கொலைகாரன் கதவின்மீது சுட்டான். உள்ளே நுழைய முடியவில்லை. அந்த அறையில் ஒருவருக்கும் காயமில்லை.

இருந்தும் அமெரிக்க மாநிலங்கள் பல துப்பாக்கி வழியையே தேர்ந்தெடுத்தன. ஃபுளோரிடாவில் 2018இல் ஒரு பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு, மறு ஆண்டே ஆசிரியர்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. டென்னசி மாநிலம் 2024இல் அதே வழியில் போனது. ஒஹாயோ மாநிலம் 2022இல் செய்த மாற்றம் திகைக்க வைக்கிறது: அதுவரை 700 மணி நேரத்துக்கு மேல் கேட்ட பயிற்சி, அதிகபட்சம் 24 மணி நேரமாகச் சுருங்கியது. ஹைதராபாத் சிவராம்பள்ளியில் இருக்கிறது தேசியப் போலீஸ் அகாடமி. அங்கே ஐபிஎஸ் அதிகாரிகளாகப் போகிறவர்கள் மாதக்கணக்கில் பயில்கிறார்கள். அப்படிப் பயின்றவர்களுக்கே எதிரில் ஒருவன் சுடும்போது கை நிலைப்பது கடினம். நியூயார்க் நகரப் போலீஸாரைப் பற்றி ராண்ட் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, எதிரி திருப்பிச் சுட்ட மோதல்களில் அவர்கள் சுட்ட குண்டுகளில் இலக்கைத் தொட்டவை நூற்றுக்குப் பதினெட்டு. மீதி எண்பத்திரண்டு குண்டுகள் எங்கே போகும்? முப்பது பிள்ளைகள் சிதறி ஓடும் ஓர் அறைக்குள் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கவே மனம் நடுங்குகிறது.

இதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2014 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தானின் பெஷாவர் ராணுவப் பள்ளியில் 130க்கும் மேற்பட்ட குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே கைபர் பக்துன்க்வா மாகாண அரசு, ஆசிரியர்கள் உரிமத்தோடு துப்பாக்கி எடுத்துவரலாம் என்றது. ஆசிரியைகளுக்குப் போலீஸார் இரண்டு நாள் சுடும் பயிற்சி கொடுத்தார்கள். 2016 ஜனவரி 20 அன்று சார்சத்தா ஊரிலுள்ள பாச்சா கான் பல்கலைக்கழகத்துக்குள் பயங்கரவாதிகள் புகுந்தபோது, சையது ஹமீது ஹுசைன் என்ற வேதியியல் ஆசிரியர் மாணவர்களை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டுத் தன் கைத்துப்பாக்கியால் எதிர்த்துச் சுட்டார். பிரிட்டனில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய இளைஞர். அவர் தடுத்து நின்ற நேரத்தில் தப்பித்ததாக மாணவர்கள் சொன்னார்கள். அவர் உயிர் அங்கேயே போயிற்று. அந்தத் தியாகத்தின் முன் யாரும் தலை வணங்கத்தான் வேண்டும். ஆனால் அதே மாகாணத்தில், 2015இல், சுவாத் பள்ளத்தாக்கில் ஓர் ஆசிரியரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து அவருடைய மாணவன் ஒருவன் இறந்தான். பயங்கரவாதிகளுக்கு எதிராக என்று அனுமதித்த துப்பாக்கி அது. பயங்கரவாதி வருவது என்றைக்கோ ஒரு நாள். துப்பாக்கியோ அன்றாடம் வகுப்பில் இருந்தது.

இந்தியாவில் இதுவரை நடந்தவை வேறு மாதிரி. இங்கே கும்பல் வரவில்லை, பையன் வந்தான். 2007 டிசம்பர் 11 அன்று குர்காவ் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் சகமாணவனைச் சுட்டுக் கொன்றார்கள். அது ஒருவனுடைய அப்பாவின் துப்பாக்கி. 2018 ஜனவரியில் ஹரியாணாவின் யமுனா நகரில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் முதல்வர் அறைக்குள் போய் அந்த அம்மையாரைச் சுட்டான். அதுவும் அப்பாவின் உரிமம் பெற்ற ரிவால்வர். 2025 ஆகஸ்டில் உத்தராகண்டின் காசிப்பூரில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் சாப்பாட்டு டப்பாவுக்குள் துப்பாக்கியை ஒளித்துக் கொண்டுவந்து, தன்னை அறைந்த இயற்பியல் ஆசிரியரைப் பின்னாலிருந்து சுட்டான். சென்னை பாரிமுனைப் பகுதியில் 2012 பிப்ரவரியில் ஓர் ஆசிரியை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டதை நம் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குத்தியவன் ஒன்பதாம் வகுப்புச் சிறுவன். இவர்களில் எந்த ஆசிரியர் தன் மாணவனைப் பார்த்துத் துப்பாக்கி நீட்டியிருப்பார்? எதற்காக நீட்டுவார்? எதிரில் வந்தது நேற்று வீட்டுப்பாடம் காட்டிய பிள்ளை.

அப்பாவின் துப்பாக்கி என்பது இங்கே மட்டும் உள்ள கதையல்ல. 2008 முதல் 2017 வரை நடந்த 41 பள்ளித் தாக்குதல்களை அமெரிக்க ரகசியப் பாதுகாப்புத் துறை ஆராய்ந்தது. துப்பாக்கியால் தாக்கியவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் அதைப் பெற்றோர் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்திருந்தார்கள். மிச்சிகன் மாநிலத்தில் 2021இல் நான்கு மாணவர்களைக் கொன்ற பையனின் தாயும் தந்தையும் 2024இல் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். நம் நாட்டு ஆயுதச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் பொதுவாக உரிமம் தருவதில்லை. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2019 திருத்தம் இரண்டாகக் குறைத்தது. ஆனாலும் வீட்டு அலமாரியின் சாவி எங்கே தொங்குகிறது என்பது சட்டத்தைவிடப் பையனுக்கு நன்றாகத் தெரியும். ஆசிரியரின் கைப்பையில் இன்னொரு துப்பாக்கியை வைப்பது, அவன் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு அலமாரியைத் திறந்து வைப்பதுதான்.

வர்ஜீனியா டெக் கதையில் ஆசிரியர்கள் செய்த மிகப் பெரிய காரியம் துப்பாக்கிச் சத்தத்துக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே நடந்துவிட்டது. 2005இல் கவிஞர் நிக்கி ஜியோவானி, தன் வகுப்பில் அந்த மாணவன் எழுதியதையும் நடந்துகொண்டதையும் பார்த்து, அவன் இனி இங்கே உட்காரக் கூடாது என்று உறுதியாகச் சொன்னார். ஆங்கிலத் துறைத் தலைவர் லூசிண்டா ராய் அவனைத் தனியாக அழைத்துத் தானே பாடம் சொல்லிக் கொடுத்தார். பல்கலைக்கழக அதிகாரிகளிடம் எச்சரித்தார். ஆலோசகரிடம் போகும்படி அவனை வற்புறுத்தினார். அந்த டிசம்பரில் நீதிமன்றமும் அவனுக்கு மனநல சிகிச்சை வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு துப்பாக்கிக் கடையின் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. 2007 தொடக்கத்தில் அவன் இரண்டு துப்பாக்கிகளைத் தடையின்றி வாங்கினான்.

ஆசிரியர் கண்டுபிடித்துவிட்டார், கேட்க வேண்டியவர்கள்தான் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை. நம் பள்ளிகளில் அந்த இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. பள்ளிக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்று சிபிஎஸ்இ விதியில் எழுதியிருக்கிறது. எத்தனை பள்ளிகளில் அந்த ஆலோசகருக்குக் கதவுள்ள ஓர் அறையும், பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஒரு மணி நேரமும் இருக்கின்றன என்பதைப் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் கேட்கலாம்.

நாரிஸ் ஹாலில் அந்த வகுப்பறைகள் இருந்த பகுதி 2009இல் மீண்டும் திறக்கப்பட்டது. அமைதிக் கல்விக்கும் வன்முறைத் தடுப்புக்குமான மையம் அங்கே அமைந்தது. அதன் முதல் இயக்குநர் யெர்சி நோவாக். தோட்டக்கலைத் துறைப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய மனைவி பிரெஞ்சு மொழி ஆசிரியை. அதே மாடியில், 211ஆம் அறையில், அந்தத் திங்கட்கிழமை காலை கொல்லப்பட்டவர்.