விடை உள்ளேயே இருக்கிறது



ஓர் அமைப்பைச் சீர்திருத்த வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, இங்கே என்ன கோளாறு என்றுதான். குறைகளைப் பட்டியல் போடுவார்கள். தீர்வை வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்குவார்கள். இதற்கு நேர்மாறான வழி ஒன்று உண்டு. எல்லோருக்கும் உள்ள அதே கஷ்டத்தில், அதே வசதியில், ஒருசிலர் மட்டும் நன்றாகச் செய்கிறார்களே, எப்படி என்று தேடுவது. இந்த வழியை ஆங்கிலத்தில் ‘பாசிட்டிவ் டீவியன்ஸ்’ என்பார்கள்.

1990-இன் இறுதியில் ஜெர்ரி ஸ்டெர்னினும் அவர் மனைவி மோனிக்கும் ‘சேவ் த சில்ட்ரன்’ தொண்டு அமைப்பின் சார்பில் வியட்நாமுக்குப் போனார்கள். கிராமங்களில் குழந்தைகள் ஊட்டச்சத்தின்றி வாடிய காலம் அது. ஆறே மாதத்தில் பலன் தெரிய வேண்டும் என்று அரசு கெடு விதித்தது. சத்துணவு கொண்டுவந்து கொடுத்தால், கொடுக்கிறவர்கள் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எனவே, ‘தான் ஹோவா’ என்ற மாகாணத்தின் நான்கு கிராமங்களில், ஊர்ப் பெண்களே குழந்தைகளை எடைபோட்டார்கள். பரம ஏழை வீட்டிலும் நல்ல எடையோடு குழந்தை உண்டா என்று பார்த்தார்கள். இருந்தது.

அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. வயலில் கிடைக்கும் பொடி இறாலையும் நண்டையும் சர்க்கரைவள்ளிக் கீரையையும் அந்தத் தாய்மார்கள் சோற்றில் சேர்த்தார்கள். காசில்லாமல் கிடைப்பவைதான், ஆனால் குழந்தைக்கு ஆகாது என்று மற்றவர்கள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். இரண்டு வேளைச் சோற்றை அவர்கள் மூன்று நான்கு வேளையாகப் பிரித்து ஊட்டினார்கள். ஊட்டும் முன் கை கழுவினார்கள்.

இதை ஸ்டெர்னின் தம்பதி சொற்பொழிவாக்கவில்லை. தாய்மார்கள் ஒரு வீட்டில் கூடிச் சமைத்து ஊட்டினார்கள். வரும்போது ஆளுக்கொரு கைப்பிடி இறாலோ நண்டோ கீரையோ கொண்டுவர வேண்டும் என்பதே நிபந்தனை. அதற்காகத் தினமும் வயலில் தேடித் தேடியே அது பழக்கமாயிற்று. குழந்தைகள் தேறின, அரசும் ஸ்டெர்னின் தம்பதி தங்குவதற்கான அனுமதியை நீட்டித்தது.

மருத்துவமனை போன்ற பெரிய நிறுவனத்துக்கும் இது பொருந்துமா? பொருந்தியிருக்கிறது. பல மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி பரவுவதைத் தடுக்க, அமெரிக்க மருத்துவமனைகள் சில இதைக் கையாண்டன. பிலடெல்பியாவின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவ மையத்தில், நோயாளிகளை வார்டுக்கு வார்டு அழைத்துச் செல்லும் ஊழியர் ஒருவர், கழற்றிய பாதுகாப்பு அங்கியைச் சிறு பந்தாகச் சுருட்டிக் கையுறைக்குள் அடக்கி எறிவார். கிருமி கையில் படாது, குப்பைத்தொட்டியும் நிரம்பி வழியாது. அதை மற்ற ஊழியர்கள் அவரிடமே கற்றார்கள். யாரும் யோசனை கேட்டிராத இடத்தில் விடை இருந்தது.

இந்த முறையின் பலம் இறாலிலும் கையுறையிலும் இல்லை. தேடியவர்கள் யார் என்பதில் இருக்கிறது. தாங்களே கண்டுபிடித்ததை மக்கள் எளிதில் கைவிடுவதில்லை. ஓர் ஊரின் விடையைச் சுற்றறிக்கையாக்கி இன்னோர் ஊருக்கு அனுப்பினால், அது மறுபடியும் வெளியார் உத்தரவுதான். ஒவ்வோர் ஊரும் தன் விடையைத் தானே தேட வேண்டும். மேலதிகாரிக்கு அதற்கான பொறுமை வேண்டும்.

எல்லைகளும் உண்டு. நன்றாகச் செய்கிறவர் ஒருவர்கூட இல்லாத இடத்தில் இந்த முறைக்கு வேலை இல்லை. ஆள் பற்றாக்குறைக்கும் குறைந்த கூலிக்கும் இது மருந்தாகாது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், “இருப்பதை வைத்துச் சமாளியுங்கள்” என்று சொல்ல நிர்வாகம் இதைச் சாக்காக்கினால் அது அநியாயம்.

அந்த எச்சரிக்கையோடு சொல்கிறேன்: பள்ளியோ அலுவலகமோ கூட்டுறவுச் சங்கமோ, மாற்றம் தேவைப்படும் இடத்தில் குறைப்பட்டியலுக்கு முன் இதைக் கேளுங்கள்: இதே நிலையில் நன்றாகச் செய்கிறவர் நம்மில் யார்? கடைநிலை ஊழியரையும் அந்தத் தேடலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.