ஒரே சபையுள்ள மாநிலம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 50 மாநிலங்களும் தத்தமக்கெனத் தனி அரசியலமைப்பு உடையன. ஆளுநர், சட்டசபை, நீதிமன்றம் என்னும் மூன்றும் எல்லா மாநிலங்களிலும் உண்டு. ஆயினும் 49 மாநிலங்களில் சட்டமியற்றும் சபைகள் இரண்டு; நெப்ராஸ்கா மாநிலத்தில் மட்டும் ஒன்று. அவ்வொற்றைச் சபை தோன்றிய காரணம் நேயர்கள் அறியத்தக்கது.

சோள வயல்களும் மாட்டு மந்தைகளும் மலிந்த அச் சமவெளி நாட்டில் முன்னர் இரு சபைகள் இருந்தன. உறுப்பினர் தொகை 133. ஒரு மசோதாவை அவை வெவ்வேறு வடிவில் நிறைவேற்றினால், இரண்டிலிருந்தும் தெரிந்தெடுக்கப்பட்ட சிலர் மூடிய கதவுக்குள் கூடி இறுதி வடிவத்தை வகுப்பர். கமக்காரன் ஒருவன் வேண்டிய வாசகம் அங்கே மறைந்துபோயின், மறைத்தவர் யாரென அவன் அறிய வழியில்லை. கீழ்ச்சபையார் மேற்சபையைச் சுட்டுவர். மேற்சபையார் கீழ்ச்சபையைச் சுட்டுவர்.

இக் குறையைக் கண்டித்தவர் ஜோர்ஜ் நொரிஸ். வாஷிங்டனில் செனற் சபை உறுப்பினராயிருந்த அவர், 1934 இல் மோட்டார் வண்டியேறி ஊரூராகச் சென்று ஒற்றைச் சபைக்காகப் பேசினார். அவ்வாண்டு நவம்பரில் 286,086 பேர் ஆதரித்தும் 193,152 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். 1937 இல் 43 உறுப்பினருடன் புதிய சபை கூடியது. இன்று உறுப்பினர் 49 பேர். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இடம்பெறுவதில்லை. மசோதாக்கள் குறித்துக் குடிமக்கள் நேரில் வந்து குழுவின்முன் கருத்துரைக்கலாம்.

இரண்டாஞ் சபை இன்றேல் அவசரச் சட்டங்களைத் தடுப்பவர் யார்? 1947 முதல் 1971 வரை செனற் சபை இருந்த இலங்கையில் இவ்வினா எழுவது இயல்பே. ஆளுநரின் மறுப்பாணையும், உயர்நீதிமன்றமும், மக்களுமே போதிய காவல் என்பது நொரிஸின் வாதம்.

ஆட்சித்துறையோ ஒருவர் கையில் அடங்கியதன்று. ஆளுநரும் துணை ஆளுநரும் இணைந்து போட்டியிடுவர். மாநிலச் செயலாளர், சட்டமா அதிபர், பொருளாளர், கணக்காய்வாளர் ஆகியோரைத் தனித்தனியே மக்களே நான்காண்டுக்குத் தெரிவுசெய்வர். சட்டமா அதிபர் பதவிக்கு வாக்குக் கேட்பது இலங்கையர் செவிக்குப் புதுமையாகத் தோன்றலாம்! நீதிபதிகளை ஆளுநர் நியமிப்பினும், அவர்கள் பதவியில் தொடர்வதா என்பதைப் பின்னர் வாக்காளரே தீர்மானிப்பர்.

இவ்வமைப்பு உயிர் சம்பந்தமான ஒரு விடயத்திலே சோதனைக்குள்ளாயிற்று. 2015 மே மாதம் சட்டசபை மரணதண்டனையை ஒழித்தது. ஆளுநர் பீற் றிக்கெற்ஸ் மறுப்பாணை விடுத்தார். அதனை மீறுவதற்கு 30 வாக்குகள் வேண்டும். வாக்கெடுப்பில் கிடைத்தவை சரியாக 30, எதிர்த்தவை 19. ஒருவர் மனம் மாறியிருப்பினும் மறுப்பாணை நிலைத்திருக்கும். அந்த 30 பேர் யாவரெனத் தொகுதி மக்கள் அனைவரும் அறிந்தனர். பழைய இரு சபைகளின் காலத்தில் இத்துணைத் தெளிவு கிட்டியிராது.

எதிர்ப்பாளர் வாளாவிருக்கவில்லை. இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி, சட்டம் நடைமுறைக்கு வராது நிறுத்தினர். அம்முயற்சிக்கு ஆளுநர் தம் சொந்தப் பணத்தையும் வழங்கினார். சட்டசபையில் தோற்ற ஆளுநர் தம் செல்வத்தைக்கொண்டு மக்களிடம் மேன்முறையீடு செய்வது முறையோ என்று பலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே; எனினும் சட்டம் அதனைத் தடுக்கவில்லை. 2016 நவம்பர் வாக்கெடுப்பில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் மரணதண்டனையை மீட்டனர்.

தண்டனை பெற்றவருக்கு எஞ்சியது மன்னிப்புச் சபை. நெப்ராஸ்காவில் ஆளுநர் தனித்து உயிர்ப்பிச்சை வழங்க இயலாது. ஆளுநர், மாநிலச் செயலாளர், சட்டமா அதிபர் என்னும் மூவர் கொண்ட சபையே அதனைத் தீர்மானிக்கும். மூவரும் மக்கள் வாக்கால் பதவி பெற்றவர்கள். 1997 க்குப் பின் அம்மாநிலத்தில் முதலாவது மரணதண்டனை 2018 ஆகஸ்டில் நிறைவேற்றப்பட்டது.