தலைமுடி உதிர்வும் நம் வீட்டு வைத்தியமும்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பெண்பிள்ளைகளும், அவர்களைப் பார்க்க வந்த தாய்மாரும் கொட்டாஞ்சேனையில் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசியது. தோட்டத்தில் இருப்பவர்களும் படிக்கட்டும் என்று எழுத்தில் தருகிறோம்.)



சம்பளப் பணத்தைச் சேமிப்பது பற்றிப் பேசத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாலைந்து பிள்ளைகள் மறித்துக் கேட்டது வேறு. "வெல்பெயார் ஐயா, கொழும்புக்கு வந்ததிலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுது. என்ன எண்ணெய் போடுறது?" பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "பொண்ணு பார்க்க வாறவங்க முதல்ல சடையைத்தான் பார்க்கிறாங்க" என்று பெருமூச்சு விட்டார். எண்ணெய்க்காக நீங்கள் செலவழிக்கும் கணக்கைக் கேட்டபோது, இதுவும் சேமிப்பு விசயம்தான் என்று தோன்றியது. ஆகவே இன்றைக்கு முடியைப் பற்றியே பேசுவோம்.

எல்லாரும் முதலில் பழி போடுவது கொழும்புத் தண்ணீர் மேல். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. அந்தக் கங்கைத் தண்ணீரை அம்பத்தலேயில் சுத்தம் பண்ணிக் கொழும்புக் குழாய்க்கு அனுப்புகிறார்கள். நம்ம மலையில் பெய்த மழைதான் கொட்டாஞ்சேனைக் குழாயிலும் வருகிறது. கிருமி போக குளோரின் போடுவதால் முடி கொஞ்சம் வறளும், நுனி உடையும். வெள்ளவத்தைப் பக்கம் கடலோரக் கிணற்றில் குளிப்பவர்களுக்கு உப்பு படிந்து முடி சொரசொரப்பாகும். ஆனால் குளிக்கிற தண்ணீர் முடியை வேரோடு பிடுங்காது.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது எல்லாருக்கும் உள்ளதுதான். அதைச் சீப்பில் பார்த்துப் பயப்பட வேண்டாம். வகிடு அகலமாகிக்கொண்டே போகிறதா, சடை முன்னைவிட மெலிந்திருக்கிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று. உடம்புக்கு ஒரு கஷ்டம் வந்தால் முடி அன்றைக்கே கொட்டாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். இதனால்தான் நமக்குக் காரணம் பிடிபடுவதில்லை. டெங்குக் காய்ச்சல் வந்தவர்களுக்கு அப்படித்தான். 2020, 2021இல் கொரோனா வந்து எழும்பிய பலருக்கும் அப்படித்தான். பிள்ளை பெற்ற தாய்க்கும் மூன்றாம் நாலாம் மாதத்தில் முடி கொட்டத் தொடங்கும். பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்துச் சிரித்தால் முடி கொட்டும் என்று நம்ம பாட்டிமார் சொல்வார்கள். பிள்ளை சிரிக்கிற மாதமும் முடி கொட்டுகிற மாதமும் ஒன்றாக இருப்பதால் வந்த பேச்சு அது. பாவம், பிள்ளை மேல் குற்றம் இல்லை! பெரும்பாலும் ஒரு வருசத்துக்குள் தானாகவே சரியாகிவிடும்.

வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் நின்ற நம்ம தோட்டத்துப் பிள்ளையின் கதையைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். பதினெட்டு வயதில் வந்தது. காலையில் பிளேன்டீயும் பணிஸும். பகலில் பாதி நாள் சாப்பாடே இல்லை, கூட்டம் என்றால் கடையை விட்டு நகர முடியாது. இரவில் பாணும் சம்பலும். ஏழெட்டு மாதத்தில் வகிடு தெரிய ஆரம்பித்தது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு போத்தல் எண்ணெய், பிறகு இன்னொரு போத்தல். பதினைந்து நாளில் முடி வளரும் என்று போத்தலில் எழுதியிருந்ததாம். அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய காசு இரண்டு மாதம் அதற்கே போனது. தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது படியேற மூச்சு வாங்கியது, கண்ணின் கீழ் இமை வெள்ளையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தார்கள். பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அந்தப் பிள்ளைக்கு 8 தான் இருந்தது. நாங்களும் அதற்கு முன் ஒரு தடவை அந்தப் பிள்ளையைப் பார்த்து, "வெந்தயம் அரைச்சுப் போடு" என்று சொல்லி அனுப்பியவர்கள்தான். இமையைத் திருப்பிப் பார்க்க எங்களுக்கும் தோன்றவில்லை.

இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தால் உடம்பு முதலில் இருதயத்தையும் மூளையையும்தான் கவனிக்கும். முடிக்குக் கடைசியில்தான் பங்கு. நம்ம பெண்களுக்கு இரத்தம் குறையப் பல வழி இருக்கிறது. மாதவிடாயில் அதிகம் போவது, அடுத்தடுத்துப் பிள்ளை பெறுவது, வெறுங்காலோடு மண்ணில் நடந்து கொக்கிப்புழு ஏறுவது, இவற்றோடு சாப்பாட்டுக் குறை. சோற்றோடும் ரொட்டியோடும் சேர்த்துத் தேத்தண்ணி குடிப்பது வேறு. சாப்பாட்டில் உள்ள இரும்பைத் தேயிலையின் துவர்ப்பு பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. தேயிலைத் தோட்டத்து ஆள் தேத்தண்ணியைக் குறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

ஆகவே முதல் வீட்டு வைத்தியம் சட்டியில்தான். ரொட்டி மாவில் ஒரு பிடி முருங்கைக்கீரை போட்டுப் பிசையுங்கள். வல்லாரை, பொன்னாங்காணி எது கிடைத்தாலும் சுண்டி, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். கீரையின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அந்தப் புளி உதவும். பச்சை நெல்லிக்காயும் அப்படியே. முடி என்பதே புரதம். பருப்பு, பாசிப்பயறு, கௌபி, முட்டை, நெத்தலிக் கருவாடு என்று ஏதாவது ஒன்று தினம் தட்டில் இருக்கட்டும். போடிங்கில் சமைக்க முடியாத பிள்ளைகள் ஒரு கை அவித்த கடலையாவது வாங்கிச் சாப்பிடுங்கள். எண்ணெய்ப் போத்தல் விலைக்கு எத்தனை நாள் கடலை வரும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இரத்தம் மிகவும் குறைந்தவர்களுக்குக் கீரை மட்டும் போதாது. கிளினிக்கில் இரத்தம் பார்த்து இரும்புக் குளிசை கொடுப்பார்கள். தண்ணீரோடு விழுங்குங்கள், தேத்தண்ணியோடு வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்தாதீர்கள். சின்னப் பிள்ளைகள் கையில் மட்டும் அந்தக் குளிசை பட வேண்டாம், இனிப்பு என்று தின்றால் உயிருக்கே ஆபத்து.

சரி, தலைக்கு என்ன போடலாம்? தேங்காய் எண்ணெய் நல்லது. அது முடிக்குள் ஊறி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. சூரியகாந்தி எண்ணெய் அந்த வேலையைச் செய்யவில்லை. குளிக்க முந்தி இலேசாகத் தடவினால் போதும், ஒழுக ஒழுக வேண்டாம். கரிசலாங்கண்ணிச் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் விட்டு, சடசடப்பு அடங்கும்வரை சின்ன நெருப்பில் காய்ச்சி வைப்பது பழைய முறை. இலை கிடைக்காத கொழும்புப் பிள்ளைகள் காய்ந்த சரக்கைப் புறக்கோட்டை காபோஸ் லேன் மருந்துக் கடைகளில் வாங்கலாம். வெந்தயம் இரண்டு கரண்டி இரவில் ஊறப்போட்டு, காலையில் அரைத்து அரை மணி நேரம் பூசிக் கழுவலாம். நுவரெலியாக் குளிரில் இதைச் செய்து தடிமன் பிடித்தால் எங்களைத் திட்டக் கூடாது. செவ்வரத்தை இலையைக் கசக்கினால் வரும் வழுவழுப்பு, கடைச் சம்போவைவிட முடிக்கு இதமானது. இவை எல்லாம் இருக்கிற முடியை உடையாமல் காக்கும். உள்ளே இரத்தம் இல்லாத தலையில் புது முடியை முளைக்க வைக்காது.

சின்ன வெங்காயச் சாறு பற்றிக் கேட்டீர்கள். காசளவு வட்டமாக முடி போகும் புழுவெட்டுக்கு அது உதவியதாக 2002இல் ஈராக்கில் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. மற்ற உதிர்வுக்கு அப்படிச் சொல்ல முடியாது. எரிந்தால் உடனே கழுவிவிடுங்கள். எதைச் செய்தாலும் முடி மாதத்துக்கு ஒரு சென்றிமீற்றர் அளவில்தான் வளரும். ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

கொழுந்தெடுக்கும் அம்மாமாருக்கு வேறொரு விசயம். எங்கள் அம்மா முப்பது வருசம் கூடை சுமந்தவர். உச்சிக்கு முன்னால் கையகலத்துக்கு முடியே இருக்காது. கொங்காணியைப் போட்டே மறைத்துக்கொள்வார். வயசானால் அப்படித்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இந்த உத்தியோகத்துக்கு வந்து, வரிசையாக நிற்கும் பெண்களின் தலையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது, முடி போன இடமெல்லாம் கூடைக் கயிறு உட்காரும் இடம். நாளெல்லாம் இழுபட்டும் உராய்ந்தும் வேர் சோர்ந்துபோகிறது. ஆரம்பத்தில் கவனித்தால் முடி திரும்ப வரும். வருசக்கணக்கில் விட்டால் அந்த இடம் வழவழவென்று தழும்பாகிவிடும், பிறகு எந்த எண்ணெயும் பலிக்காது. கயிற்றுக்குப் பதில் அகலமான பட்டி போடுங்கள். கீழே துணியைத் தடிப்பாக மடித்து வையுங்கள். கயிறு ஒரே இடத்தில் இராமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். கூடை நிரம்பி வழியும்வரை சுமக்காமல் இடையில் சாக்கில் கொட்டுங்கள். பட்டி வாங்கித் தரும்படி நலன்புரி உத்தியோகத்தரிடம் கேட்கலாம், அது கேட்கக்கூடிய விசயம்தான். ஈரத் தலையை இறுக்கிக் கொண்டை போட்டு மலைக்குப் போவதையும் விடுங்கள்.

வட்ட வட்டமாகப் போனாலும், தலையில் புண், செதில் இருந்தாலும், கழுத்து வீங்கி உடம்பு சோர்ந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தோட்டத்தில் டிஸ்பென்சரிக்குப் போங்கள். கொழும்பில் தேசிய வைத்தியசாலைத் தோல் கிளினிக் இருக்கிறது. நாட்டு வைத்தியம்தான் வேண்டும் என்றால் 1929 முதல் நடக்கும் பொரளை அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. இரண்டும் அரசாங்கத்தினுடையவை.

பேசி முடிக்கும்போது பின்வரிசையில் ஒரு அம்மா எழும்பி, "மொட்டை அடிச்சா அடர்த்தியா வருமாங்க?" என்று கேட்டார். வராது அம்மா. வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, சவரக்கத்தி மேலேதான் போகிறது. புதிதாக வரும் முடியின் நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். கதிர்காமத்துக்கு நேர்ந்திருந்தால் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தப் பிள்ளையின் இரத்தத்தை மட்டும் போவதற்கு முந்தி ஒருதரம் பார்த்துவிடுங்கள்.