சொல்லில்லா இசையும் அது பிறந்த மண்ணும்



தமிழாசிரியனுக்கும் தெக்னோ இசைக்கும் என்ன உறவு என்று, தலைப்பை அறிவித்தபோதே சிலர் நகைத்தீர்கள். நகைப்பது உங்கள் உரிமை. ஆயினும், ஒரு கலையை ‘இரைச்சல்’ என்று ஒரே சொல்லால் தள்ளுமுன், அது எவரிடம் பிறந்தது, எந்நிலத்தில் வளர்ந்தது என்று உசாவுதல் வேண்டும். உசாவினால், ஆக்கியவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர் என்னும் பழங்கதை இங்கும் நிகழ்ந்திருப்பது புலப்படும்.

இவ்விசை பிறந்த ஊர் பெர்லின் அன்று; வட அமெரிக்காவின் தெத்திராயிட்டு. உந்துவண்டித் தொழிலால் ஓங்கிய அந்நகரில் 1950-இல் வாழ்ந்தோர் பதினெட்டரை இலக்கம் பேர். 2020-இல் எஞ்சியோர் 6,39,000 பேரே. தொழிற்சாலைகள் வெளியேறின; வெள்ளையர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர்; 1967-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் 43 பேர் மாண்டனர். மாந்தர் கை செய்த வேலையைப் பொறிக்கை செய்யத் தொடங்கிய அக்காலத்தில், அருகிலுள்ள பெல்வில் என்னும் ஊரின் பள்ளியிற் பயின்ற கறுப்பின இளைஞர் மூவர் - உவான் அற்கின்சு, தெரிக்கு மே, கெவின் சாந்தர்சன் - 1980-களில் அப்பொறியையே இசைக்கருவியாகக் கைக்கொண்டனர். தம் மக்களின் வேலையைப் பறித்த பொறியைப் பாட வைத்தனர் என்றே நான் இதனைக் கொள்கின்றேன்.

கருவி கிடைத்த வகையும் கேட்கத்தக்கது. சப்பான் நாட்டு உரோலந்து நிறுவனம் 1980-இல் 808 என்னும் எண்ணுடைய கொட்டுப்பொறியை வெளியிட்டது. மெய்யான முழவின் ஒலி அதில் இல்லை என்று இசைவாணர் பலர் ஒதுக்கினர்; 1983-இல் அதனைச் செய்வதும் நின்றது. விலைபோகாத பொறி பழம்பொருட் கடைகளில் மலிந்தது. கைப்பணம் குறைந்த இளைஞர்க்கு எட்டியது. ஒதுக்கப்பட்ட பொறியும் ஒதுக்கப்பட்ட மக்களும் கூடிய கூட்டு அது!

அவ்விளைஞர் விரும்பிக் கேட்டவர்களுள் செருமனியின் கிராப்துவெர்க்கு குழுவினர் முதன்மையர். அப்பெயர்க்கு மின்விசை நிலையம் என்பது பொருள். ஆங்கிலத்திற் பாடுவதே பெருமை என்று அந்நாட்டு இளைஞர் பலர் மயங்கியிருந்த நாளில், இவர்கள் 1974-இல் நெடுஞ்சாலையைத் தம் தாய்மொழியிலேயே பாடி, ஆங்கில நாடுகளையும் கேட்க வைத்தனர். (நம் பாடகர்க்கு இதனை யாரேனும் எடுத்துரைப்பின் நன்று.)

1989 நவம்பர் 9-ஆம் நாள் பெர்லின் சுவர் வீழ்ந்தது. கிழக்குப் பகுதியில் உரிமையாளர் யாரென்று தெரியாத கட்டடங்கள் பல வெறுமையாய்க் கிடந்தன. வெர்த்தைம் என்னும் பழைய பெருங்கடை ஒன்று இருந்த இடத்தில், துருவேறிய காப்புப்பெட்டிகளோடு கிடந்த நிலவறையை 1991 மார்ச்சில் திமித்திரி எகெமானும் நண்பர்களும் திறந்து ஆடற்கூடம் ஆக்கினர். திரெசோர் என்று அதற்குப் பெயர். காப்பறை என்பதே அச்சொல்லின் பொருள். அதே ஆண்டில் அக்கூடம் வெளியிட்ட முதல் இசைவட்டு எவருடையது? தெத்திராயிட்டுக் கறுப்பின இளைஞருடையது!

அங்கு ஓர் இரவு எவ்வாறு கழியும்? பெர்லினிற் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் என்னை ஒரு கூடத்திற்கு அழைத்துச் சென்றார். காரிக்கிழமை நள்ளிரவுக்குப் பின்னரே வரிசை நீண்டது. வாயிற்காவலர் சிலரை விடுத்தார், சிலரைத் திருப்பினார், கரணியம் கூறவில்லை. என் நரைத்த தலையைச் சற்று நோக்கி, உள்ளே செல்லுமாறு கைகாட்டினார். கைப்பேசியின் படக்கண்மேல் ஒட்டுத்தாள் ஒட்டினர். உள்ளே இருளும் புகையும். புகை எனக்கு ஒவ்வவில்லை. நிமையத்திற்கு ஏறத்தாழ 130 அடிகள். நான்கு நான்காக, ஏற்றத்தாழ்வின்றி. முதற் கால்மணி நேரம் சலிப்பே மிஞ்சியது. பின்னர்ச் செவி பழகிற்று. ஓர் இழை மெல்ல நுழையும். மற்றொன்று அறியாமல் நீங்கும். அடித்தாங்கி நிற்கும் பேரொலி திடுமென நின்று, எல்லாரும் ஏங்கியபின் மீளும். ஒரு வட்டு முடிந்து மற்றொன்று தொடங்கும் இணைப்பு எங்கென்று என்னால் காண இயலவில்லை. சொல்லே இல்லை, ஆகவே எந்நாட்டார்க்கும் அங்கு மொழித்தடை இல்லை. சொல்லால் வாழும் எனக்கு அது வியப்பாகவும், சற்றே வருத்தமாகவும் இருந்தது. விடிந்தும் ஆட்டம் ஓயவில்லை. மேற்குப் பெர்லினில் கடையடைப்பு நேர வரம்பை 1949-இலேயே நீக்கிவிட்டனர். அதன் பயன் இது.

குறைகளை மறைக்கமாட்டேன். வெறிப்பொருள் இக்கூடங்களின் தீராப் பழி. செவியடைப்பான் இன்றி ஒலிபெருக்கியருகே நிற்பது செவியைக் கெடுக்கும். 1989-இல் 150 பேரோடு தொடங்கிய ‘அன்பு அணிவகுப்பு’, 2010-இல் தூயிசுபர்க்கு நகரில் கூட்ட நெரிசலில் 21 உயிர்களைக் குடித்து முடிந்தது.

அரசுகள் இவ்விசையை நடத்திய வகையைப் பாருங்கள். இங்கிலாந்து 1994-இல், அடுத்தடுத்து வரும் ஒரேவகை அடிகளையுடைய இசை என்று சட்டத்திலேயே வரையறுத்து, திறந்தவெளி இரவுக் கூட்டங்களைக் கலைக்கக் காவலர்க்கு ஆற்றல் தந்தது. செருமனியிலோ, பழைய மின்விசை நிலையத்தில் 2004-இல் திறந்த பெர்க்கைன் கூடத்தின் நுழைவுக் கட்டணத்திற்கு 19 விழுக்காடு வரியன்று, இசையரங்குகட்குரிய 7 விழுக்காடே என்று 2016-இல் முறைமன்றம் தீர்த்தது. (கிராய்சுபெர்க்கு, பிரீதிரிக்சைன் என்னும் இரு பகுதிப் பெயர்களின் கடைக்கூறுகளைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது, மலை, சோலை என்று பிரித்தால் நம் செவிக்கும் இனிக்கிறது.)

2024 மார்ச்சில் செருமன் யுனெசுக்கோ ஆணையம் தன் நாட்டு மரபுப் பட்டியலில் ‘பெர்லினின் தெக்னோப் பண்பாடு’ என்பதைச் சேர்த்தது. பெர்லினார் மூலத்தை மறைத்தார் என்று நான் கூறவில்லை. தெத்திராயிட்டாரை அழைத்து இசைக்கவைத்துப் போற்றியவர் அவர்களே. ஆயினும் பட்டியலில் ஏறிய பெயர் பெர்லின். உலகெங்கும் இவ்விசையை ஐரோப்பிய வெள்ளையரின் படைப்பென்றே எண்ணுகின்றனர். படைத்தவர் மண்ணிலோ, 2000-ஆம் ஆண்டு முதல் ஆற்றங்கரையில் ஆண்டுதோறும் ஒரு விழா நடைபெற்று வருகிறது. அவ்வூர் இசைவாணரே தம் கட்டடத்தில் ஒரு சிறு காட்சியகமும் அமைத்துள்ளனர். முன்கூட்டியே சொல்லிச் சென்றால் திறந்து காட்டுவர். பழைய பொறிகள் அங்கு உள்ளன.

இனி உங்கள் வினாக்களைக் கேட்கலாம்.